ஸ்டீராய்டும் இடுப்பு எலும்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பிசியோதெரபிஸ்ட். கோவிட் இரண்டாம் அலை ஓய்ந்த பிறகு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வரும் முப்பது, நாற்பது வயதுக்காரர்களை அடிக்கடி பார்க்க ஆரம்பித்தேன். அதற்கு முன்பும் வந்தார்கள்: சிறுநீரக மாற்று செய்தவர்கள், லூபஸ் (உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய்) நோயாளிகள், தீராத ஆஸ்துமாக்காரர்கள். எல்லோரும் ஸ்டீராய்டு எடுத்தவர்கள், கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். கட்டில் ஓரத்தில் நின்று அவர்களுக்குச் சொல்லும் பதில்களைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். உங்களைத் தொட்டுப் பார்த்த டாக்டரின் முடிவுதான் முடிவு. அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போக இது உதவும்.

ஸ்டீராய்டு என்றால் ஜிம்மில் போடுவதுதானே?

அது வேறு. தசை ஏற்றப் போடுவது ஆண் ஹார்மோன் வகை. இங்கே பேசுவது கார்டிசோன் வகை: பிரெட்னிசோலோன், மெத்தில்பிரெட்னிசோலோன், டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், டெஃப்ளாசகார்ட், ஹைட்ரோகார்டிசோன். சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி தினமும் சுரக்கும் கார்டிசாலின் உறவுக்காரர்கள் இவை.

வீக்கத்தை அடக்குவதில் இவற்றுக்கு இணையான மருந்து குறைவு. 1948-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், முடக்குவாதத்தால் முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்கு முதன்முதலாகக் கார்டிசோன் போட்டார்கள். சில நாட்களில் எழுந்து நடந்தார். 1950-ல் அதற்கு நோபல் பரிசு. ஆனால் 1957-லேயே, நீண்டநாள் ஸ்டீராய்டு எடுத்ததால் தொடை எலும்பின் தலை சிதைந்ததை இத்தாலிய மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். ஆகவே இது கோவிட் கொண்டுவந்த புது நோய் கிடையாது. மருந்து வந்து பத்து வருடத்துக்குள்ளேயே தெரிந்த விஷயம்.

"எலும்பு செத்துவிட்டது" என்று டாக்டர் சொன்னார். எலும்பு எப்படிச் சாகும்?

எலும்பைக் கல் மாதிரி நினைக்கிறோம். அதற்குள்ளும் உயிருள்ள செல்கள் இருக்கின்றன. அவற்றுக்கும் ரத்தம் வேண்டும். ரத்தம் நின்றால் அந்தப் பகுதி இறந்துவிடும். இதைத்தான் ரிப்போர்ட்டில் 'ஏ.வி.என்.' என்று போடுகிறார்கள். ரத்த ஓட்டம் அற்றதால் வரும் எலும்புச் சிதைவு என்று பொருள்.

உடம்பில் இத்தனை எலும்பு இருக்க, ஏன் இடுப்பு? காவிரிப் பாசனம் தெரிந்தவர்களுக்கு ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்: அது கடைமடை, தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் இடம். தொடை எலும்பின் உச்சியில் பந்து மாதிரி ஒரு தலை இருக்கிறது. இடுப்பெலும்பின் கிண்ணத்தில் அது உருள்கிறது. அந்தப் பந்துக்கு ரத்தம் கொண்டுபோகும் மெல்லிய குழாய்கள் எலும்பின் கழுத்தை ஒட்டிக்கொண்டே ஏறி, தலைக்குள் நுழைந்து, அங்கேயே முடிந்துவிடுகின்றன. ஒரு வாய்க்கால் அடைத்தால் பக்கத்து வாய்க்காலிலிருந்து தண்ணீர் திருப்ப அங்கே வழி மிகவும் குறைவு. அதே பந்துதான் நாம் நடக்கும் ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல இரண்டரை, மூன்று மடங்கு சுமையைத் தாங்குகிறது. வரத்தும் குறைவு, வேலையும் அதிகம். தோள், முழங்கால், கணுக்கால் எலும்புகளிலும் இது வரலாம், ஆனால் இடுப்புதான் முதலில்.

ஸ்டீராய்டு போய் அந்த ரத்தத்தை எப்படித் தடுக்கிறது?

ஒரே வழியில் இல்லை. பல வழிகள் ஒன்றுசேர்ந்து நடக்கிறது என்பதுதான் இன்றைய புரிதல்.

முதலாவது கொழுப்பு. எலும்பு மஜ்ஜைக்குள் கொழுப்புச் செல்கள் உண்டு. ஸ்டீராய்டு அதிகமானால் அவை உப்பும். அது மட்டுமா, எலும்பு கட்டும் செல்லாக வளர வேண்டிய மூலச் செல்களையும் கொழுப்புச் செல்லாகத் திசை திருப்பிவிடும். வயிற்றில் கொழுப்பு சேர்ந்தால் வயிறு முன்னால் வரும். எலும்பு முன்னால் வராதே! நான்கு பக்கமும் கெட்டியான சுவர். உள்ளே கொழுப்பு உப்ப உப்ப அழுத்தம் ஏறுகிறது. சுவர் மெல்லிதான சிரைகள் முதலில் நசுங்குகின்றன. கெட்ட ரத்தம் வெளியேற வழி இல்லை என்றால் நல்ல ரத்தம் உள்ளே வரவும் இடம் இல்லை.

இரண்டாவது அடைப்பு. ரத்தத்தில் கொழுப்பு கூடி, நுண்ணிய கொழுப்புத் துளிகள் அந்தக் கடைசிக் குழாய்களில் போய்ச் சிக்கலாம். ரத்தம் உறையும் தன்மையும் கூடுகிறது. குழாயின் உள்சுவரும் கெடுகிறது.

மூன்றாவது, எலும்புச் செல்களையே ஸ்டீராய்டு நேரடியாகச் சாகடிக்கிறது. ரத்தம் நின்ற இடத்தைச் செப்பனிட ஆள் வேண்டும் அல்லவா, அந்த ஆட்களையும் குறைத்துவிடுகிறது.

எலும்பு இறந்த அன்றைக்கே உடைந்துவிடுவதில்லை. இது பலருக்குத் தெரியாது. செத்த எலும்பும் கொஞ்ச காலம் சுமை தாங்கும். உடம்பு பழுது பார்க்க வரும்போதுதான் ஆபத்து: பழைய எலும்பை அரித்து எடுக்கும் வேகத்துக்குப் புது எலும்பு கட்டும் வேகம் ஈடு கொடுப்பதில்லை. நடுவில் பலவீனமான ஒரு காலம் வருகிறது. அப்போது பந்தின் மேல் ஓட்டுக்குக் கீழே பிறை நிலா வடிவில் ஒரு விரிசல் விழும். அதன் மேலேயே நடந்துகொண்டிருந்தால், முட்டை ஓடு உள்ளே அமுங்குவது போலப் பந்து அமுங்கிவிடும். அமுங்குவதற்கு முன்னால் கண்டுபிடிப்பதும் அமுங்கிய பிறகு கண்டுபிடிப்பதும் இரண்டு வெவ்வேறு வாழ்க்கை. இந்தப் பக்கம் முழுவதையும் நான் எழுதுவதே இந்த ஒரு வித்தியாசத்துக்காகத்தான்.

எவ்வளவு எடுத்தால் வரும்?

இத்தனை மாத்திரைக்கு மேல் வரும், கீழே வராது என்று கோடு போட முடியாது. ஆனால் சில விஷயங்கள் தெளிவாகத் தெரியும். பிரெட்னிசோலோன் கணக்கில் தினமும் 20 மி.கி.க்கு மேல் வாரக்கணக்கில் போனால் ஆபத்து கூடும். மொத்தமாக உடம்பில் ஏறிய அளவு 2,000 மி.கி.யைத் தாண்டியவர்களிடம் அதிகம் பார்க்கப்பட்டிருக்கிறது. ஆரம்ப வாரங்களில் ஒரேயடியாகப் பெரிய அளவு போட்டவர்களுக்கும் ஆபத்து அதிகம்.

மாத்திரையின் மி.கி.யை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். பிரெட்னிசோலோன் 5 மி.கி., மெத்தில்பிரெட்னிசோலோன் 4 மி.கி., டெஃப்ளாசகார்ட் 6 மி.கி., டெக்சாமெத்தசோன் 0.75 மி.கி., இவை எல்லாம் ஏறக்குறைய சம பலம். "வெறும் நாலு மி.கி. டெக்சாதானே" என்பவர் கிட்டத்தட்ட 27 மி.கி. பிரெட்னிசோலோன் விழுங்குகிறார். நம் உடம்பு ஒரு நாளைக்குத் தானாகச் சுரப்பது பிரெட்னிசோலோன் கணக்கில் சுமார் 5 மி.கி.தான்.

மதுப் பழக்கம், புகை, ரத்தத்தில் கொழுப்பு, லூபஸ், அரிவாள் செல் சோகை, உறுப்பு மாற்று சிகிச்சை, இவை கூடச் சேர்ந்தால் ஆபத்து மேலும் ஏறும். ரத்தப் புற்றுநோய் சிகிச்சையில் இருக்கும் பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளும் இந்தப் பட்டியலில் உண்டு. அந்தப் பிள்ளை கால் வலி என்றால் வளரும் வலி என்று விட்டுவிடாதீர்கள்.

ஸ்டீராய்டு எடுத்தவர்களில் பெரும்பாலோருக்கு இது வருவதே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கோவிட் நேரத்தில் எனக்கும் ஸ்டீராய்டு போட்டார்கள். அது தவறா?

ஆக்சிஜன் தேவைப்பட்டிருந்தால் தவறு இல்லை. பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு 2020 ஜூனில் காட்டியது இதைத்தான்: டெக்சாமெத்தசோன் தினம் 6 மி.கி., அதிகபட்சம் 10 நாள். வென்டிலேட்டரில் இருந்தவர்களின் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆக்சிஜன் மட்டும் வைத்தவர்களில் ஐந்தில் ஒரு பங்கு. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை.

2021-ல் நம் ஊர்களில் பல இடத்தில் நடந்தது அந்த 10 நாள் கணக்கோடு நிற்கவில்லை. அந்த ஆண்டே மும்பை இந்துஜா மருத்துவமனை டாக்டர்கள், இடுப்பில் இந்த எலும்புச் சிதைவு வந்த மூன்று நோயாளிகளின் கதையைப் பதிவு செய்தார்கள். கோவிடிலிருந்து தேறியவர்கள். எடுத்த ஸ்டீராய்டு சராசரியாக 758 மி.கி. பிரெட்னிசோலோன் அளவுதான். வலி வந்தது கோவிட் உறுதியான நாளிலிருந்து சராசரியாக 58 நாளில். வழக்கமாக ஆறு மாதம், ஒரு வருடம் ஆகும் என்று எதிர்பார்ப்போம். ரத்தம் உறையும் தன்மையைக் கோவிட் கூட்டியதும் சேர்ந்துகொண்டிருக்கலாம். மூன்று பேரை வைத்து எல்லோருக்கும் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் காதில் போட்டுக்கொள்ள வேண்டிய செய்தி. 2003-ல் சார்ஸ் வந்தபோது ஹாங்காங்கிலும் பெய்ஜிங்கிலும் அதிக அளவு மெத்தில்பிரெட்னிசோலோன் எடுத்தவர்களுக்கு, நோயாளிகளைக் கவனித்து நோய் வாங்கிய மருத்துவப் பணியாளர்கள் உட்பட, இதே பிரச்சினை வந்தது.

எனக்கு முழங்கால்தானே வலிக்கிறது. இடுப்பை ஏன் பார்க்கச் சொல்கிறீர்கள்?

ஒரு லோடு ஆட்டோ ஓட்டுநரைப் பற்றிச் சொல்கிறேன். 34 வயது. இடது முழங்கால் வலி என்று வந்தார். கையில் முழங்கால் எக்ஸ்ரே, முழங்காலில் மாட்டும் உறை, மூன்று வகை களிம்பு. நான்கு மாதமாக முழங்காலுக்குத்தான் வைத்தியம். அமுக்கிப் பார்த்தேன், மடக்கிப் பார்த்தேன், முழங்காலில் ஒரு குறையும் தெரியவில்லை. மல்லாக்கப் படுக்க வைத்து, காலை மடக்கி, பாதத்தை வெளிப்பக்கமாகத் தள்ளினேன். அப்படிச் செய்தால் இடுப்பு மூட்டு உள்பக்கமாகத் திரும்பும். பாதி கூடப் போகவில்லை, கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு "அக்கா, போதும்" என்றார். எங்கே வலி என்றேன். தொடை இடுக்கில் கை வைத்தார்.

இடுப்பு மூட்டுக்கும் முழங்காலுக்கும் பொதுவான நரம்புகள் போவதால் வலி இடம் மாறித் தெரியும். இந்த நோயின் முதல் அடையாளம் பெரும்பாலும் தொடை இடுக்கில் ஒரு மந்தமான வலி. சிலருக்குப் பிட்டத்தில், சிலருக்குத் தொடையிலோ முழங்காலிலோ. வண்டியிலிருந்து காலைத் தூக்கி இறங்கும்போது சுரீர் என்கும். சம்மணம் போட முடியாது. இந்தியன் டாய்லெட்டில் உட்கார முடியாது. அப்புறம் இரவில் படுத்தாலும் வலிக்கும், நடை நொண்டும்.

"கொரோனாவுக்கு அட்மிட் ஆனியா தம்பி?" என்று கேட்டேன். ஆனார். ஊசி போட்டார்களாம், டிஸ்சார்ஜ் ஆகும்போது பத்து நாளைக்குச் சின்ன வெள்ளை மாத்திரை கொடுத்தார்களாம். பத்து நாள் முடிந்த பிறகும் அதே அட்டையைக் காட்டி மருந்துக் கடையில் இரண்டு மாதம் வாங்கியிருக்கிறார். "அதப் போட்டா அசதியே தெரியல அக்கா. லோடு ஏத்த முடிஞ்சுது." அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. வீட்டு வாடகை கட்ட வேண்டிய மனிதர். கேள்வி கேட்காமல் அட்டை அட்டையாக எடுத்துக் கொடுத்தவர் மேல்தான் கோபம் வந்தது.

எம்.ஆர்.ஐ. எடுத்தபோது இடது பந்து அமுங்கியிருந்தது. வலிக்கவே வலிக்காத வலது பக்கத்திலும் ஆரம்பித்திருந்தது.

எக்ஸ்ரே எடுத்தேன், ஒன்றும் இல்லை என்றார்கள். அப்படியானால் நிம்மதிதானே?

ஆரம்ப கட்டத்தில் எக்ஸ்ரே சுத்தமாகத்தான் இருக்கும். குருத்தெலும்பு மூட்டுத் திரவத்திலிருந்து சாப்பாடு எடுத்துக்கொள்வதால் கீழே எலும்பு இறந்தாலும் மேலே அது உயிரோடு இருக்கும். மூட்டு இடைவெளி குறையாது. "தேய்மானம் இல்லை" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். எம்.ஆர்.ஐ.யில் ஸ்டீராய்டு ஆரம்பித்த ஒன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள்ளேயே மாற்றம் தெரியத் தொடங்கும், வலி வருவதற்கும் முன்னால்.

ஸ்டீராய்டு எடுத்த வரலாறு இருந்து, தொடை இடுக்கு வலி சில வாரங்களாகப் போகாமல் இருந்தால், "இரண்டு இடுப்புக்கும் எம்.ஆர்.ஐ. வேண்டுமா டாக்டர்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். இரண்டு இடுப்பும் என்பதை அழுத்திச் சொல்லுங்கள். ஸ்டீராய்டால் வரும்போது பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரண்டு பக்கமும் பாதித்திருக்கும்.

பயமாக இருக்கிறது. மாத்திரையை இன்றைக்கே நிறுத்திவிடவா?

கூடாது. மூன்று வாரத்துக்கு மேல் எடுத்திருந்தால் உங்கள் அட்ரீனல் சுரப்பி வேலையைக் குறைத்துக்கொண்டு தூங்கிப்போயிருக்கலாம். மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் உடம்பில் கார்டிசாலே இல்லாமல் போய், ரத்த அழுத்தம் விழுந்து, வாந்தி, மயக்கம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். மாத்திரை எந்த நோய்க்காகக் கொடுக்கப்பட்டதோ அதுவும் சீறிக்கொண்டு திரும்பும். லூபஸ் சிறுநீரகத்தைத் தாக்கினால் இடுப்பை விடப் பெரிய இழப்பு.

எழுதிக் கொடுத்த டாக்டரிடமே போங்கள். அளவைக் குறைக்க முடியுமா, ஸ்டீராய்டைக் குறைக்க உதவும் வேறு மருந்து சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். குறைப்பது அவர் போடும் அட்டவணைப்படி, படிப்படியாக.

இன்ஹேலர், தோல் க்ரீம், மூட்டில் போடும் ஊசி?

இன்ஹேலரில் போவது மைக்ரோகிராம் கணக்கு. இந்த பயத்தில் குழந்தையின் இன்ஹேலரை நிறுத்திவிட்டு, மூச்சு முட்டி, கடைசியில் மாத்திரையாகவும் ஊசியாகவும் பல மடங்கு ஸ்டீராய்டு வாங்கிய குடும்பங்கள் உண்டு. தயவுசெய்து நிறுத்தாதீர்கள். டாக்டர் சொன்னபடி பூசும் க்ரீம், எப்போதாவது ஒரு மூட்டு ஊசி, இவற்றிலும் ஆபத்து மிகக் குறைவு.

எனக்குத் தெரியாமலே ஸ்டீராய்டு எடுத்திருக்க முடியுமா?

முடியும். பெயர் இல்லாத பொட்டலத்தில் வரும் மூட்டு வலிப் பொடி, உடம்பு ஏற மாத்திரை, "ஒரே ஊசியில சரியாயிடும்" என்று போடும் ஊசி, இவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது நாட்டில் திரும்பத் திரும்பப் பிடிபட்ட விஷயம். அடையாளம் சொல்கிறேன்: எத்தனையோ வருட வலி இரண்டே நாளில் பறந்துவிடும், பசி எடுக்கும், முகம் நிலா மாதிரி உருண்டு பளபளக்கும், சர்க்கரை ஏறும், நிறுத்தினால் வலி முன்னை விட மோசமாகத் திரும்பும். அப்படி ஏதாவது சாப்பிடுகிறீர்கள் என்றால் மிச்சப் பொட்டலத்தை டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். நாட்டு மருந்து சாப்பிட்டதற்கு டாக்டர் திட்டுவார் என்று மறைக்கிறவர்கள் நிறையப் பேர். மறைத்தால் அவர் வேறு எதையோ தேடிக்கொண்டிருப்பார்.

கால்சியம் மாத்திரை போடுகிறேனே, போதாதா?

ஸ்டீராய்டால் எலும்பு அடர்த்தி குறைவது ஒரு பிரச்சினை. அதற்குக் கால்சியமும் வைட்டமின் டி-யும் உதவும், தொடருங்கள். ரத்த ஓட்டம் நிற்பது வேறு பிரச்சினை. அதை இவை தடுக்காது.

என்ன வைத்தியம் இருக்கிறது?

பந்து அமுங்கவில்லை என்றால், தொடையின் பக்கவாட்டிலிருந்து தலை வரை மெல்லியதாகத் துளை போட்டு உள்ளழுத்தத்தை இறக்கலாம். சில இடங்களில் அந்தத் துளையில் எலும்புத் துண்டோ, நோயாளியின் சொந்த மஜ்ஜையிலிருந்து பிரித்த செல்களோ வைக்கிறார்கள். பாதிப்பு சிறிதாக இருந்தால் பலன் நன்றாக இருக்கும். பந்தின் பெரும்பகுதி போயிருந்தால் குறைவு. அலெண்ட்ரோனேட் என்ற வார மாத்திரையையும் பலர் எழுதுகிறார்கள். தைவானில் 2005-ல் வந்த ஆய்வு அது பந்து அமுங்குவதைத் தடுப்பதாகச் சொன்னது. 2012-ல் அங்கேயே வந்த இன்னொரு ஆய்வில் பலன் தெரியவில்லை. உங்கள் டாக்டர் எழுதினால் எதை எதிர்பார்க்கலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அமுங்கிவிட்டால் மூட்டு மாற்றுதான் நிலையான நிவாரணம். "முப்பத்தி நாலு வயசுல செயற்கை மூட்டா?" என்று அந்த ஓட்டுநரின் அம்மா அழுதார். இன்றைய மூட்டுகள் பெரும்பாலோருக்கு இருபது வருடமும் தாண்டி உழைக்கின்றன. இளம் வயதில் செய்தால் பின்னாளில் இன்னொரு முறை மாற்ற வேண்டி வரலாம் என்பது உண்மை, அதை அவரிடம் மறைக்கவில்லை. வலியோடு பத்து வருடம் வீட்டில் உட்காருவதை விட அது மேல் என்றுதான் நான் நினைக்கிறேன். அவருக்கு இடது மூட்டு மாற்றி, வலதில் துளை போட்டார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மூட்டு மாற்று நடக்கிறது. செலவுக்குப் பயந்து தள்ளிப்போடுவதற்கு முன்னால் அங்கே காப்பீட்டுத் திட்டப் பிரிவில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

எண்ணெய் போட்டு நீவுவது ஆழத்தில் இருக்கும் அந்தப் பந்தைப் போய்ச் சேராது. காலைப் பிடித்து இழுத்து சொடக்கு எடுப்பது மட்டும் வேண்டாம்.

ஆபரேஷன் வரை நடக்கலாமா? கைத்தடி எந்தக் கையில்?

ஓட்டம், குதித்தல், எடை தூக்குதல், தரையில் குந்துதல் நிறுத்துங்கள். தண்ணீரில் நடப்பதும் நீச்சலும் நல்லது. ஒரே இடத்தில் நிற்கும் பயிற்சி சைக்கிளைச் சுமை ஏற்றாமல் மிதிக்கலாம். படுத்துக்கொண்டே காலைப் பக்கவாட்டில் விரிக்கும் பயிற்சி, பிட்டத் தசையை இறுக்கி விடும் பயிற்சி தினமும் செய்யுங்கள். தசை வற்றிப்போனால் ஆபரேஷனுக்குப் பிறகு தேறுவது தாமதமாகும்.

கைத்தடியை வலிக்கும் பக்கத்துக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும். கிட்டத்தட்ட எல்லோரும் வலிக்கும் பக்கத்திலேயே பிடித்துக்கொண்டு வருகிறார்கள். அந்த ஓட்டுநரும் அப்படித்தான் வந்தார். இடது இடுப்பு வலி என்றால் தடி வலது கையில், இடது கால் எடுத்து வைக்கும்போது தடியும் கூடவே முன்னால் போக வேண்டும். இடுப்பைத் தாங்கிப் பிடிக்கும் தசையின் வேலையைத் தடி பகிர்ந்துகொள்ளும், பந்தின் மேல் விழும் பாரம் நன்றாகவே குறையும். செருப்புப் போட்டு நேராக நின்று கையைத் தொங்கவிட்டால், தடியின் கைப்பிடி உங்கள் மணிக்கட்டு மடிப்பின் உயரத்தில் இருக்க வேண்டும். அடியில் ரப்பர் புஷ் தேய்ந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.